அய்யாக்கண்ணு வெட்டிய ஒன்பது

வாழ்க்கையில் ஒரே ஒரு மனிதர் மீது நான் பொய்யாகக் கொலைப்பழி சுமத்தியிருக்கிறேன். அவர் செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். பதினொரு பேராக ஒரு வேனில் கிளம்பி, என்னைப் பெண் பார்க்க அவர்கள் கடலூர் முதுநகருக்கு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் அந்தப் பழியைச் சுமத்தினேன். அதுவும் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

இது 2008-இல் நடந்தது. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. தினமும் முதுநகரில் பஸ் ஏறி, சிதம்பரம் போய் வரலாற்றில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். அம்மா தொடக்கப் பள்ளி டீச்சர். அப்பாவுக்கு செம்மங்குப்பத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வீட்டில் நான் ஒரே பெண். பெயர் கலைச்செல்வி. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு ஒரு கேடு வரப்போகிறது.

என் வயசுப் பெண்கள் சாயங்காலம் சீரியல் பார்த்தார்கள். நான் விக்டோரியா மகாராணி காலத்துக் கொலைகளைப் படித்தேன். நூலகத்தின் கடைசி வரிசையில், யாரும் தொடாத அலமாரியில், அந்தக் காலத்து இங்கிலாந்து வழக்கு விசாரணைகள் தடித்தடியாக இருந்தன. அதில் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தவள் பிறகு விடவே இல்லை. என்ன காலம் அது! கடைக்குப் போய் எலிக்கு என்று சொல்லி ஆர்சனிக் வாங்கி வருவார்கள், எலி பிழைத்துக்கொள்ளும், புருஷன் போய்விடுவான். ஈ கொல்லுகிற விஷக் காகிதத்தை ஊறவைத்து வடிகட்டிய மகராசிகள்கூட உண்டு. மறுநாள் ஊரே பேப்பர் வாங்கிப் படிக்கும். தூக்குத் தண்டனையைப் பார்க்க ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு போவார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு வந்து நான் இரவுச் சாப்பாட்டின்போது விளக்குவேன். ஒரு கட்டத்தில் அப்பா, நான் போட்டுக் கொடுக்கும் காபியை அம்மா ஒரு வாய் குடித்த பிறகுதான் தொடுவார்.

எனக்கு ஒரே ஒரு குறை இருந்தது. எல்லாக் கொலையும் லண்டனிலேயே நடந்தது. அதே மகாராணியின் ஆட்சியில்தானே நம் தென்னாற்காடு ஜில்லாவும் இருந்தது? நம் ஆட்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? (ஊர்ப்பாசம் ஒரு மனுஷியை எங்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்.) எப்படியாவது உள்ளூரில் ஒரு நல்ல கொலைகாரனைக் கண்டுபிடித்து, அவனை வைத்து ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் எழுதிவிட வேண்டும் என்று வெறியாக இருந்தேன்.

கண்டுபிடித்தும் விட்டேன். கடலூரில் பழைய பதிவேடுகள் வைத்திருந்த ஒரு அறையில், அனுமதிக் கடிதம் காட்டி, வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து பார்க்க விட்டார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். தொட்டால் பொடியாக உதிர்கிற ஒரு ஆங்கிலப் பதிவேட்டில், பக்கத்தின் அடியில், ஒரு குறிப்பு இருந்தது. தலைப்பில் கே, ஓ, எல், ஏ, ஒய் என்று ஐந்து எழுத்து. வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்த தமிழை அப்படியே எழுதி வைத்திருக்கிறான். கூட்டிப் படித்தேன். கொலே. அதாவது கொலை. அன்றைக்கு நான் மொழிபெயர்த்தபடியே குறிப்பைத் தருகிறேன்:

‘கொலே விவகாரம். மங்கலம்பேட்டை ஐயாக்குன்னூ என்பவர், அண்டைக்காரரான வெங்கடாசலத்தைச் சேர்ந்த, நன்கு வளர்ந்த ஏழு ஆட்களையும், சிறியவர் இருவரையும், ஒரே காலையில் கோடரியால் வெட்டிச் சாய்த்தார். ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு, அவர்களுடைய நிழல் தனக்கு ஆகவில்லை என்றார். வருத்தம் தெரிவிக்கவில்லை.’

ஒன்பது பேர். ஒரே காலையில். லண்டனில் பெயர் தெரியாமல் கத்தியோடு அலைந்தவனைப் பற்றி உலகமே பேசுகிறது. அவன் இருட்டில் ஒளிந்து ஒளிந்து செய்தான். நம் மங்கலம்பேட்டைக்காரர் பட்டப்பகலில், சொந்தப் பெயரில், வருத்தமே இல்லாமல் செய்திருக்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘ஏழு’க்குப் பிறகு ஒரு வார்த்தை இருந்த இடத்தில் பூச்சி அரித்த ஓட்டைதான் இருந்தது. அதில் நானாக ‘ஆட்கள்?’ என்று பென்சிலில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அன்று ராத்திரியே நல்ல வெள்ளைத்தாளில் பிரதி எடுத்தபோது அந்தக் கேள்விக்குறி எங்கேயோ விழுந்துவிட்டது. அதோடு, குறிப்பு அந்தப் பக்கத்தோடு முடிந்ததா, அடுத்த பக்கத்துக்குப் போனதா என்று நான் பார்க்கவில்லை. அறை உதவியாளர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். குலுக்கினார், உண்மைதான். ஆனால் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அதனால்தான் திருப்பவில்லை.

அடுத்த மூன்று வாரத்தில், ஐயாக்குன்னூவை அய்யாக்கண்ணு என்று திருத்திக்கொண்டு, அவரைப் பற்றி முப்பத்திரண்டு பக்கம் எழுதினேன். அதில் பதினொரு பக்கம் அவருடைய மனநிலை. மனித நிழல் தன்மேல் விழுந்தால் பொறுத்துக்கொள்ள முடியாத ஒரு விசித்திர மனநோய் அவருக்கு இருந்தது என்று நிறுவியிருந்தேன். அவருடைய அம்மாவுக்குச் செத்துப்போன தங்கை இருந்திருக்கலாம் என்றெல்லாம் எழுதினேன், ஏன் என்று இப்போது ஞாபகமில்லை.

இந்த நேரத்தில்தான் பழனிவேல் வீட்டிலிருந்து வருகிறார்கள் என்றார்கள். மாப்பிள்ளை சர்வேயர். சிதம்பரம் தாலுகாவில் வேலை. சொந்த ஊர் விருத்தாசலத்துப் பக்கம் என்று சொன்னார்கள், நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. (வரலாறு படிக்கிறவள், ஊர்ப் பெயரைக் கேட்கவில்லை.) அம்மாவுக்கு என் வாயைப் பற்றித்தான் பயம். தலைவாரிக்கொண்டே எச்சரித்தாள்.

“வெஷம், பொணம், ரத்தம். இந்த மூணும் இன்னைக்கு ஒன் வாயில வரக்கூடாது. வந்துச்சி, நான் ஒன்னோட பேச மாட்டேன்.”

சத்தியம் செய்து கொடுத்தேன். கடைசிவரை அந்த மூன்றையும் நான் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அவர்கள் வந்து இறங்கினார்கள். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேனிலிருந்து கடைசியாக இறங்கிய கட்டம் போட்ட சட்டைக்காரர் நேராக உள்ளே வராமல், எங்கள் மதில் சுவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அப்பாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எங்கள் மனைக்குள் ஒரு சாண் வந்திருக்கிறது என்றாராம். அப்பா இருபது வருடமாகச் சந்தேகப்பட்டதை ஒருவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அந்த இடத்திலேயே சம்மதம். எனக்கும்தான். வந்த இடத்தில் சுவரை அளக்கிற மனிதர், ஆனால் அதைச் சத்தம் போடாமல் சொல்கிற மனிதர். இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று, கேசரியில் முந்திரி அடுக்கிக்கொண்டிருந்த நான், மனதார வேண்டிக்கொண்டேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மாப்பிள்ளையின் அப்பா சிவலிங்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத விவசாயி. அவர் பேசாததால் அப்பா பூர்வீகம் எது என்று கேட்டு வைத்தார். அதற்கு அவர் மீசையைத் தடவிக்கொண்டு, அந்தப் பகல் முழுவதுக்குமாகச் சேர்த்துப் பேசினார்.

“மங்கலம்பேட்டதாங்க. எங்க தாத்தாவுக்குத் தாத்தா அய்யாக்கண்ணு காலத்துலேந்து அதே நெலம், அதே வூடு. அய்யாக்கண்ணுன்னா இன்னைக்கும் ஊருல தெரியும். வெள்ளக்காரன் கோர்ட்டு கச்சேரி வரைக்கும் போயிட்டு வந்த ஆளு.”

அந்த நிமிடத்தில் எனக்கு நடந்ததை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பயமோ அதிர்ச்சியோ இல்லை. சந்தோஷம். நான் தேடி அலைந்த மனிதரின் ரத்த உறவு, உயிரோடு, எங்கள் வீட்டு நாற்காலியில், மீசையோடு உட்கார்ந்திருக்கிறது. எம்.ஃபில். மாணவிக்கு இதைவிட என்ன வேண்டும்?

“ஒம்போது பேர வெட்டுனாரே, அந்த அய்யாக்கண்ணுவா?” என்று கேட்டேன், முகமெல்லாம் பல்லாக.

மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. சிவலிங்கம் என்னைப் பார்த்தார், என் அப்பாவைப் பார்த்தார், கையிலிருந்த பஜ்ஜியைப் பார்த்தார். நிறுத்தியிருக்கலாம். இன்னொரு ஊர் அய்யாக்கண்ணு என்று மழுப்பியிருக்கலாம். ஆனால் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்றுதான் எனக்குப் பட்டது, ஆதாரம் காட்ட வேண்டியது ஆய்வாளரின் கடமை அல்லவா? தட்டை மாப்பிள்ளையின் மடியில் வைத்துவிட்டு (ஆமாம், மடியில்) உள்ளே ஓடி ஃபைலை எடுத்து வந்தேன். நின்றுகொண்டே வாசித்தேன். நன்கு வளர்ந்த ஏழு ஆட்கள். சிறியவர் இருவர். கோடரி. வருத்தம் தெரிவிக்கவில்லை. பிறகு, அவர்கள் கேட்காமலேயே, நிழல் பற்றிய என்னுடைய பதினொரு பக்க ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொன்னேன். இந்த மாதிரி மனநிலை பரம்பரையாக இறங்குமா என்று இன்னும் தெரியவில்லை, அதைக் குடும்பத்தினரிடம் விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

மத்தியான வெயில் ஜன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி மெதுவாகக் குனிந்து பார்த்துவிட்டு, தன் நிழல் சிவலிங்கத்தின் கால்மேல் விழாதபடி நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டாள். பழனிவேல் மடியில் கேசரியோடு தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அவமானத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் ஃபைலை மூடினேன்.

அம்மா என் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். நீ சொன்ன மூன்று வார்த்தையில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை என்று வாதாடிப் பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்தாள். கூடத்தில் சிவலிங்கம் எழுந்து, போய் லெட்டர் போடுகிறோம் என்று அப்பாவிடம் சொல்வது கேட்டது. (2008-இல் யார் லெட்டர் போடுகிறார்கள்? அதுதான் பதில்.) பதினொரு பேரும் வேனில் ஏறினார்கள். கேசரியை யாரும் தொடவில்லை. மாப்பிள்ளை பேண்ட்டில் ஒட்டியிருந்தது மட்டும் அவரோடு போனது.

இரண்டாவது நாள் தரகர் வழியாகச் செய்தி வந்தது. பையனுக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, ஆனால் பெண்ணுக்குப் படிப்பு கொஞ்சம் ஜாஸ்தி என்று பெரியவர்கள் நினைக்கிறார்களாம். அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். என்னோடு பேசவில்லை. ‘அவகிட்ட சொல்லுங்க, தோச ஆறுது’ என்று எனக்கு ஒன்றரை அடி தள்ளி நின்று அப்பாவிடம் சொல்வாள். அப்பா ஒரு தடவை, ஒன்பது பேர் என்பது கொஞ்சம் அதிகம்தான் இல்லையா என்று என்னிடம் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. எழுத்தில் இருப்பதை நான் எப்படிக் குறைத்துச் சொல்ல முடியும் என்று கத்தினேன். பிறகு தனியாகப் போய் அழுதேன். கொலைகாரர்களைப் பற்றி இவ்வளவு படித்தவளுக்கு, கண்ணெதிரே உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் முகம் வாடியதைப் படிக்கத் தெரியவில்லையே என்றுதான் அழுகை. கட்டம் போட்ட சட்டைக்காகவும் கொஞ்சம்.

எட்டாவது நாள், சிதம்பரத்தில் நூலகத்தை விட்டு வெளியே வந்தால் டீக்கடை ஓரமாகப் பழனிவேல் நிற்கிறார். முழங்கால் வரைக்கும் சேறு. பிச்சாவரத்துப் பக்கம் சங்கிலி பிடித்து அளந்துவிட்டு அப்படியே வந்திருக்கிறார். திட்டப் போகிறார் என்று நினைத்து நானே முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. தன் அப்பா மனசு ஒடிந்துபோய் எட்டு நாளாக டீக்கடைப் பக்கமே போகவில்லை என்று மட்டும் சொன்னார். வேனில் வந்த அத்தை விஷயத்தை மங்கலம்பேட்டை முழுக்கப் பரப்பிவிட்டிருக்கிறாள். பிறகு, வேலை விஷயமாகக் கேட்கிற குரலில், அந்தக் ‘கொலே’க்கு என்ன எழுத்து என்று கேட்டார். கே, ஓ, எல், ஏ, ஒய் என்றேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“எங்க ஆபீஸ் பழைய ரிஜிஸ்டர்ல மேட்டு நெலத்தையெல்லாம் இப்படித்தாங்க எழுதி வச்சிருக்கான். கொல்ல அது. கடலக் கொல்ல, முந்திரிக் கொல்லங்கிறோம்ல?”

எனக்குக் காதில் ‘ங்ங்’ என்றது. நான் முதுநகர்க்காரி. எங்களுக்குக் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல் கிடக்கிற இடம், அவ்வளவுதான். அங்கே யாரும் ஒன்பது பேரை வெட்ட முடியாது, இடம் பத்தாது. மேற்கே போனால் மானாவாரி நிலத்துக்கே கொல்லை என்றுதான் பெயர் என்பது கேள்விப்பட்ட விஷயம்தான், ஆனால் வெள்ளைக்காரன் கையெழுத்தில் பார்த்தபோது ஞாபகம் வரவில்லை. கொலை வேண்டும் என்று போனவளுக்குக் கொல்லை எப்படிக் கண்ணில் படும்?

அப்போது அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். என் கல்யாண வாழ்க்கை முழுவதும் என்னைத் துரத்துகிற கேள்வி.

“பக்கத்தத் திருப்பிப் பாத்தீங்களா?”

வெள்ளிக்கிழமை நானும் அவரும் அந்த அறைக்குப் போனோம். துணைக்கு அப்பா வந்தார். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர், பெஞ்சில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். பதிவேட்டை வாங்கி, அந்தப் பக்கத்தை எடுத்துத் திருப்பினேன்.

குறிப்பு மேலே ஐந்து வரி தொடர்ந்தது. முதல் வரியிலேயே ‘மேற்படி புளியமரங்கள்’ என்று இருந்தது.

வெங்கடாசலத்தின் வரப்போரம் நின்ற ஏழு பெரிய புளியமரம், இரண்டு இளமரம். புளிய நிழலில் ஒன்றும் விளையாது. அய்யாக்கண்ணுவின் கடலைப் பயிர் மூன்று வருடமாகச் சோகை பிடித்துப் போயிருக்கிறது. சொல்லிப் பார்த்திருக்கிறார், கேட்கவில்லை, ஒரு நாள் காலையில் கோடரியைத் தூக்கிவிட்டார். அவ்வளவுதான் சங்கதி. தமிழில் எழுதியிருந்தால் உயர்திணையா அஃறிணையா என்பது முதல் வரியிலேயே தெரிந்திருக்கும், ‘அவர்களுடைய நிழல்’ என்று நான் எழுதியிருக்க மாட்டேன். ஆங்கிலத்தில் மனுஷனுக்கும் மரத்துக்கும் ஒரே மரியாதை. என் வாழ்நாளின் ஒரே தொடர் கொலைகாரர் மரம் வெட்டியாகிப் போனார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு நிமிடம் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

கீழே தீர்ப்பு இருந்தது. வெட்டியதற்கு இரண்டு மடங்கு, அதாவது பதினெட்டுப் புளியங்கன்றை அய்யாக்கண்ணு தன்னுடைய சொந்தக் கொல்லையில் நட்டு, காய்க்கிற வரைக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். எந்த நிழல் ஆகாது என்று வெட்டினாரோ அதே நிழலை இரண்டு மடங்காகத் தன் தலைமேலேயே வளர்க்க வேண்டும். அந்த நீதிபதி யாரோ, குறும்புக்காரன்.

பழனிவேல் பதிவேட்டின் மேல் குனிந்தபடி அசையாமல் இருந்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. ஐயையோ, மறுபடியும் அழுகிறாரே என்று பதறினேன். அப்போதுதான் தெரிந்தது, அவர் சிரித்தால் அப்படித்தான் இருக்கும். சத்தமே வராது, தோள் மட்டும் ஆடும். அப்படியென்றால் அன்றைக்கு மடியில் கேசரியோடு?

“அன்னைக்கும் சிரிப்புதாங்க,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எங்க அத்த நாற்காலிய நவுத்துனதப் பாத்தீங்கல்ல?” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். “எங்க நெலத்துக்குப் பேரு பதினெட்டாங் கொல்ல. யேன் பதினெட்டுன்னு அப்பாவுக்கும் தெரியாது, தாத்தாவுக்கும் தெரியாது. பட்டாவுல ஒரே சர்வே நம்பர்தான் இருக்குது. நானே எத்தினியோ தடவ அளந்து பாத்துட்டேன்.”

அடுத்த ஞாயிறு அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் மங்கலம்பேட்டைக்குப் போனோம். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது வேறு விஷயத்துக்கு. நாங்கள் ஒரு செத்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். சிவலிங்கம் வாங்க என்று அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பழனிவேல்தான், கொல்லைக்கே போய்விடலாம் என்று எல்லோரையும் கிளப்பினார்.

பதினெட்டில் ஆறு மரம்தான் மிச்சம். ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு பேர் கைகோத்தாலும் எட்டாத பருமன். அந்த நிழலில் நின்று இரண்டாவது பக்கத்தை வாசித்தேன். பெண் பார்க்க வந்தபோது எவ்வளவு தெம்பாக வாசித்தேனோ அதற்கு நேர் மாறாக, ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்து வாசித்தேன். வாசித்து முடித்தேன். சிவலிங்கம் அடிமரத்தில் கை வைத்துப் பார்த்தார். பிறகு முதல்முறையாக என்னிடம் பேசினார்.

“தண்ணி ஊத்துனாராமா?”

“ஊத்துனாருங்க. ஓரத்துல வேற மசியில எழுதியிருக்குது. பதினெட்டும் உசுரோட இருக்குன்னு.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அவருடைய மனைவி, அதாவது என் மாமியார், அதுவரைக்கும் வாயே திறக்காதவர், அண்ணாந்து கிளைகளைப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணி, நெழலு படுது, வெட்டிடப் போறாரு” என்றார். அண்ணி என்றதும் அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது, நான் அந்தச் சொல்லுக்கு ஆதாரம் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆய்வேட்டில் முப்பத்திரண்டு பக்கமும் போயிற்று. அந்த இடத்தில் தென்னாற்காட்டில் மரமும் வரப்பும் என்று ஒரு சாதுவான அத்தியாயம் எழுதினேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு மட்டும் அந்த நிழல் நோய்ப் பக்கங்களின் மேல் இன்றைக்கும் ஒரு ஏக்கம் உண்டு.

மறுவருடம் தையில் கல்யாணம். மண்டபத்து வாசலில் பழனிவேலின் சர்வேயர் நண்பர்கள் இருபதடிக்கு ஒரு பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். ‘பழனிவேல் – கொலைச்செல்வி’ என்று கொட்டை எழுத்தில். கீழே, ‘நிழலைப் பாத்து நட மச்சான்’. கலைச்செல்வி அன்றோடு போய்விட்டாள். ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறாள். கல்யாணத்துக்கு வந்திருந்த என் வகுப்புத் தோழிகள், இது குலதெய்வப் பெயரா என்று கேட்டார்கள்.

வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால் போதும். பால்காரர் இன்று வரமாட்டார் என்று சொன்னால், “பக்கத்தத் திருப்பிப் பாத்தியா?” என்பார் என் புருஷன். நாத்தனார் கேட்பாள். தொலைபேசியில் அம்மாவே கேட்பாள். வருடா வருடம் மாசியில் மாமியார் அனுப்புகிற புளிச்சாக்கின் மேல் ‘கொலைப் புளி’ என்று பெயிண்டில் எழுதியிருக்கும். பஸ்ஸில் வரும் அந்தச் சாக்கை வாங்கப் போகிற ஒவ்வொரு தடவையும் கண்டக்டருக்கு நான் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

மாமனார் மட்டும் கேலி செய்ய மாட்டார். ஊரில் யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்தினால், “எங்க மருமவ. எங்க அய்யாக்கண்ணு தாத்தாவ ரெண்டு வாரம் தூக்குல போட்டு எறக்குனவ” என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவருக்கு உள்ளுக்குள் இன்னும் வருத்தம் இருக்கிறது என்றுதான் நான் மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2012 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு நாள் காலையில் மாமா என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டார். அந்தப் பழைய ஃபைல், பெண் பார்க்க வந்த அன்றைக்கு வாசித்தது, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று ஒளித்து வைத்திருக்கிறேன் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு விஷயத்தைச் சொன்னார். அந்த இரண்டு வாரமும் வெட்கப்பட்டுத்தான் அவர் டீக்கடைக்குப் போகவில்லை. ஆனால் கிழக்கு வரப்புக்காரர், பன்னிரண்டு வருடமாக எல்லைத் தகராறு செய்துகொண்டிருந்தவர், ஐந்தாவது நாள் தானாகவே வந்து, எல்லை தாண்டி நட்டிருந்த கல்லைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே நட்டுவிட்டுப் போயிருக்கிறார். நிழல்கூட இந்தப் பக்கம் விழாதபடி சுற்றிப் போனாராம். நான் இரண்டாவது பக்கத்தைக் கண்டுபிடித்த பிறகு, அந்தக் கல் மறுபடியும் மெல்ல மெல்ல நகர ஆரம்பித்துவிட்டது.

“ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடும்மா,” என்றார்.

இரண்டு பக்கத்தையும் எடுத்து விருத்தாசலத்தில் லாமினேஷன் போட்டுத் தருகிறேன் என்றேன்.

“ரெண்டாவது பக்கம் வேணாம்.”

அது இன்றைக்கும் பதினெட்டாங் கொல்லையில், மோட்டார் ஷெட் கதவுக்கு வெளியே, கிழக்கு வரப்பைப் பார்த்தபடி தொங்குகிறது. நான் வெள்ளைத்தாளில் எழுதிய அந்த நல்ல பிரதி. கேள்விக்குறி இல்லாதது.